பூட்டை உடைச்ச டீச்சரம்மா

அந்தப் பையை இப்படிக் குடுங்க சார், நான் மடியில வெச்சுக்கறேன். சங்ககிரி வரைக்கும் இப்படித்தான் நெருக்கும், அப்புறம் காலியாயிரும். எங்கீங்க போகோணும், எடப்பாடிதானுங்களா? நானும் அங்கதானுங்க. ஞாயித்துக்கெழமை தவறாமப் போறனுங்க. இதோட பன்னண்டு வாரமாச்சு.

சொந்தக்காரங்களான்னா, சொந்தந்தானுங்க. என்ற சம்சாரமும் புள்ளையும் அங்க இருக்கறாங்க. பதினொரு மணிக்குப் போனா பன்னண்டு மணி வரைக்கும் பாக்கலாம். அந்த ஒரு மணி நேரமும் பக்கத்துல ஒரு ஆளு உக்காந்திருப்பாங்க. பெத்த புள்ளையப் பாக்கறதுக்குக் காவலுங்க சார். எல்லாம் ரஹ்மத் டீச்சர்னு ஒரு அம்மா பண்ணுன வேலை. என்ற வூட்டுப் பூட்டை உடைச்சவங்க அவங்க. ஆளில்லாத வூட்டுப் பூட்டைக் கொழவிக்கல்லெடுத்து உடைக்கலாமுங்களா? நீங்க படிச்சவராட்டம் இருக்கறீங்க, நீங்களே சொல்லுங்க.

இல்லீங்க, முதல்ல இருந்தே சொல்லீர்றேன். இல்லீன்னா நான் என்னமோ தப்பு பண்ணுன மாதிரி இருக்கும்.

எம்பேரு அங்கமுத்துங்க. பள்ளிபாளையத்துல தறி ஓட்டறேன். காலையில ஆறு மணிக்கு ஏறுனா சாயங்காலம் ஆறு மணிக்கு எறங்கறது. வூடு லைன் வூடுங்க, ஒரே ரூமு, மேல சிமிட்டி அட்டை. சம்சாரம் பூங்கொடி. புள்ள கனிஷ்கா, கனின்னு கூப்பிடுவோம். நல்லாத்தான் இருந்தோமுங்க. ரெண்டாவது ஒரு பையன் ஏழாம் மாசத்துலயே பொறந்து, ரெண்டே நாளுதான் இருந்தான். போயிட்டான். நானே கொண்டுபோயி ஆத்தோரம் பொதைச்சுட்டு வந்து, மக்காநாள் தறிக்குப் போயிட்டேன். போகாம என்ன பண்றதுங்க?

இவதான் எந்திரிக்கலை. செவுத்தைப் பாத்துட்டுப் படுத்திருப்பா. சோறாக்க மாட்டா, தலை சீவ மாட்டா. கனி போயி மேல ஏறி உளுந்தாக்கூட கையெடுத்துத் தொட மாட்டா. பன்னண்டு மணி நேரம் நின்னுட்டு வர்றவனுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. ஒரு அறை விட்டனுங்க. ஒண்ணோ ரெண்டோ. எல்லா வூட்டுலயும் நடக்கறதுதானுங்களே. அதுக்கும் அழுகலீங்க அவ. அதுதான் எனக்கு நெம்பக் கோவம்.

ஒரு நாள் காலையில ஆத்துல எறங்கி இடுப்பளவு தண்ணியில நின்னுட்டிருந்திருக்கறா. துணி தொவைக்கறவங்க பாத்து இழுத்துட்டு வந்தாங்க. துணி தொவைக்கத்தான் போனேன்னு சொன்னா. கையில துணி இல்லீங்க.

எடப்பாடியில இருந்து மச்சினன் வந்தான். "மாமா, அக்காளைக் கொஞ்ச நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன், புள்ளையும் வரட்டும்"னான். நான் சொல்லிட்டேன், உங்கக்காளைக் கூட்டிட்டுப் போ, என்ற புள்ளைய எவனும் தொடக்கூடாதுன்னு. தண்ணியில போயி நிக்கறவகிட்டப் புள்ளையக் குடுக்கறதுக்கு நான் என்ன கிறுக்கனுங்களா?

அவளை மட்டும் கூட்டிட்டுப் போனான். அப்படித்தான் நானும் கனியும் தனியா நின்னோம். அப்ப அதுக்கு ரெண்டு வயசுங்க.

மொதல்ல தறிக்கே தூக்கிட்டுப் போனேன். பஞ்சு பறந்து புள்ளைக்கு மூச்சு இழுத்துச்சு. தறியில ஓடற நாடாக்கட்டை தெறிச்சு மேல பட்டுருச்சுன்னா யாரு பதில் சொல்றதுன்னு ஓனரு சத்தம் போட்டாரு. பக்கத்து வூட்டுப் பாவாயக்கா ஒரு வாரம் பாத்துக்கிச்சு. அதுக்கும் தறிக்கு நூலைத் தார்க்குச்சியில சுத்தற வேலை, எத்தனை நாளைக்கு வேலையக் கெடுத்துக்கும்? அப்புறமேட்டிக்குத்தான் கட்டுனனுங்க.

கட்டுனேன்னா, கயித்துல இல்லீங்க. பூங்கொடியோட பழைய சீலையக் கிழிச்சு, மெதுவான துணியில, வலது கால்ல ஒரு முடிச்சு, ஜன்னக் கம்பியில ஒரு முடிச்சு. தண்ணிச் செம்பு எட்டும், பொரித் தட்டு எட்டும். அடுப்பு எட்டாது, கதவு எட்டாது. அப்படி அளந்து கட்டுனேன். தறிக்காரனுக்கு அளவு தெரியாதுங்களா? மத்தியானம் அரை மணி நேரம் உடுவாங்க, ஓடிவந்து சோறு ஊட்டிட்டு மறுக்கா கட்டிட்டுப் போவேன். மொத நாலு நாள் அழுதுச்சு. அப்புறம் அழுகறதில்லை. பழகிருச்சுன்னு நெனச்சேன்.

பாவாயக்கா போயிச் சொல்லிருச்சுங்க. எங்கூர்ல தூளின்னு ஒரு அறக்கட்டளை இருக்குது. தறிக்குப் போறவங்க புள்ளைகளைக் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கறது, வூடு வூடாப் போயி எடை போடறது, மருந்து குடுக்கறது, இதெல்லாம் பண்ணுவாங்க. அதுல பெரியவங்கதான் இந்த ரஹ்மத் டீச்சர். பால்வாடியில இருந்து ரிட்டையர் ஆனவங்க. ஒல்லியா இருப்பாங்க, ஸ்கூட்டியில வருவாங்க.

ஒரு மத்தியானம் வூட்டுக்குள்ள வர்றேன், என்ற பாயில அந்தம்மா உக்காந்திருக்குது. கனி அவங்க மடியில. கால்ல இருந்த துணியக் காணோம். துணி ஒரசுன எடம் புண்ணாயிருந்துச்சு போல, கழுவி மருந்து வெச்சிருந்தாங்க. நான் அந்தப் புண்ணை அதுக்கு முன்னாடி பாக்கலீங்க. முடிச்சுக்கு அடியில இருந்துச்சு.

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?"ன்னேன்.

"சத்தம் போடாதீங்க தம்பி, இப்பத்தான் தூங்குறா"ன்னாங்க. "இவளைக் கட்டிப் போட்டது நீங்கதானா?"

"நான் வேலைக்குப் போகோணுமுங்க."

"தெரியும். அதுக்குத்தான் வந்திருக்கேன். காலையில ஆறு மணிக்கு முன்னாடி எங்ககிட்டக் கொண்டுவந்து விடுங்க. பால் குடுப்போம், கஞ்சி, முட்டை எல்லாம் இருக்கு. வேலை முடிஞ்சு வந்து தூக்கிட்டுப் போங்க."

"என்ற புள்ளைய அநாதை ஆசிரமத்துல உடறதுக்கு நான் செத்தா போயிட்டேன்?"

அந்தம்மா கோவப்படலைங்க. "இந்தக் காலைப் பாத்துட்டு நான் சும்மா போகக்கூடாது தம்பி. ஒரு போன் போட்டா ஆளுங்க வந்து தூக்கிட்டுப் போயிருவாங்க. போடாம உக்காந்திருக்கேன். நாளைக்குக் காலையில உங்களை எதிர்பார்ப்பேன்"னாங்க.

மெரட்டலுங்களா இல்லீங்களா இது? எனக்கு மெரட்டலாத்தான் பட்டுச்சு. பயந்துக்கிட்டுத்தான் கொண்டுபோயி உட்டேன்.

நாலு நாளு உட்டனுங்க. பொய் சொல்லக்கூடாது, நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. தலைக்கு எண்ணெய் வெச்சு, நகம் வெட்டி, கண்ணுக்கு மையி போட்டு. தொடையில கொஞ்சம் சதை புடிச்ச மாதிரிகூட இருந்துச்சு. நாலாம் நாள் சாயங்காலம் போயி, "வா கண்ணு போலாம்"னு கையை நீட்டறேன், புள்ள வர மாட்டேங்குது. டீச்சரம்மா சீலையப் புடிச்சுட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. நாலு பொம்பளைங்க பாத்துட்டு நிக்கறாங்க. பிச்சு எடுத்துத் தோள்ல போட்டேன். வழி நெடுக அழுதுட்டே வந்துச்சு, அவங்க பக்கம் கையை நீட்டிட்டு.

நாலே நாள்ல புள்ளைய மாத்திட்டாங்க பாத்தீங்களா. எனக்கு மிச்சமிருந்தது அது ஒண்ணுதானுங்க சார். அன்னைக்கே முடிவு பண்ணுனேன், இனி உடறதில்லைன்னு.

அதுக்கப்புறம் கால்ல கட்டலீங்க. அதைத்தானே குத்தம்னு சொன்னாங்க? ஒரு நல்ல பூட்டு வாங்கிக் கதவுக்குப் போட்டேன். சாவி என்ற சட்டைப் பையில. புள்ள ரூமுக்குள்ள இஷ்டத்துக்குத் திரியலாம். ஆனா அந்தம்மா உடலியே. தெனமும் வந்து ஜன்னக் கம்பி வழியா வாழைப்பழம் குடுக்கறது, கதை சொல்றது, பாட்டுப் பாடறது. சாயங்காலம் நான் கதவைத் தொறந்தா புள்ள என்னையப் பாக்காது, ஜன்னலைப் பாத்துட்டு நிக்கும். ஒரு நாள் பொறுத்தேன், ரெண்டு நாள் பொறுத்தேன். மூணாம் நாளு பலகை வெச்சு ஜன்னலை அடிச்சுட்டேன்.

இருட்டுத்தானுங்க. லைட்டுப் போட்டுட்டுத்தான் போவேன்.

சித்திரை மாசம். அன்னைக்குக் காலையில புள்ளைக்கு ஒடம்பு லேசாச் சுட்டுச்சு. லேசாத்தானுங்க. காச்ச மாத்திரையில பாதி ஒடைச்சுக் கரைச்சு ஊத்திட்டு, தண்ணிச் செம்பைப் பக்கத்துல வெச்சுட்டு, பூட்டிட்டுப் போயிட்டேன். பதினொரு மணி வாக்குல டீச்சரம்மா வந்து கதவைத் தட்டிக் கூப்பிட்டுருக்குது. உள்ள சத்தமில்லை. பாவாயக்கா வூட்டுக் கொழவிக்கல்லை வாங்கி அடிச்சு உடைச்சிருக்குது. எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லலீங்க. தறிச் சத்தத்துல என்ன கேக்கும்?

மத்தியானம் வர்றேன், கதவு பப்பரப்பேன்னு தொறந்து கெடக்குது. பூட்டு வாசல்ல கெடக்குது. புள்ள இல்லை. ஈரோட்டுப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு லைன்ல இருக்கற பொம்பளைங்க சொல்றாங்க.

நான் நேரா ஸ்டேசனுக்குப் போனனுங்க.

உடைஞ்ச பூட்டைத் துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போயி ரைட்டர் மேசை மேல வெச்சேன். பூட்டிக் கெடந்த வூட்டை உடைச்சுப் புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, கேஸ் போடுங்கன்னேன். அவரு பொறுமையாக் கேட்டுட்டு, "புள்ள இப்ப எங்கய்யா?"ன்னாரு. ஆஸ்பத்திரியிலன்னேன். "என்னாச்சு புள்ளைக்கு?" தெரீலீங்கன்னேன். அந்த மனுசன் எழுதிட்டிருந்த பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னைய ஒரு பார்வை பாத்தாரு பாருங்க. அப்புறம் அவரே போன் போட்டு விசாரிச்சாரு. காச்ச முத்தி வலிப்பு வந்திருக்குது. கொண்டுபோயி சேத்தும்போது புள்ளைக்கு நெனவில்லை. இன்னும் அரை மணி நேரம் தாமதிச்சிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாராம்.

டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க, இல்லீங்களா? சொல்லுவாங்கதானே?

மூணு நாள் ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. மூக்குல ஒரு குழாய், கையில ஒரு ஊசி. டீச்சரம்மா பகல்ல இருக்கும், அவங்க ஆளு இன்னொருத்தி மாத்தி மாத்தி இருப்பா. நான் வாசப்படி ஓரத்துல நிப்பேன். உள்ள வாங்க தம்பி, பக்கத்துல வந்து உக்காருங்கம்பாங்க. போகலீங்க. அவங்க கூப்பிட்டு நான் போயி என்ற புள்ளைகிட்ட உக்காரோணுமா?

நாலாம் நாளு நாமக்கல்ல இருந்து ஓலை வந்துருச்சு, குழந்தைகள் நலக் குழுவுல விசாரணைன்னு. அங்க போனா ஒரு பெரிய மேசை, அக்கட்ட அஞ்சு பேரு. நடுவுல கண்ணாடி போட்ட ஒரு மேடம். இக்கட்ட நான். டீச்சரம்மா கனியத் தூக்கிட்டு வந்தாங்க. அவங்களுக்குப் பின்னாடி ஒருத்தி வந்தா, தலை வாரி, பொட்டு வெச்சுட்டு. யாரோன்னு பாத்தா பூங்கொடிங்க.

அப்பத்தான் தெரியுது சார். இந்த டீச்சரம்மா ரெண்டு மாசமா வாரம் ஒருக்கா பஸ் ஏறி எடப்பாடிக்குப் போயிருக்குது. சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்டக் காட்டி, மாத்திரை குடுத்து, பக்கத்துல உக்காந்து பேச வெச்சிருக்குது. கொழந்தை போன துக்கத்துல வர்ற சீக்காம் அது. எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் அடிச்சிருக்க மாட்டேனுங்களே. எங்கிட்ட யாரு சொன்னாங்க?

மேடம் ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. கட்டுனீங்களா? கட்டுனேன். ஜன்னலை அடைச்சீங்களா? அடைச்சேன். அப்புறம் கேட்டாங்க, "பூட்டை உடைக்கறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தகவல் சொன்னாங்களா?"

இல்லீங்கன்னேன்.

டீச்சரம்மா பக்கம் திரும்புனாங்க. "நீங்க சொல்லி அனுப்புனீங்களா?"

அந்தம்மா என்ற மூஞ்சியவே பாத்துட்டிருந்துட்டு, "அதை அவர்தான் சொல்லணும் மேடம்"னாங்க.

சார், உங்ககிட்டயும் இல்லைன்னுதானே சொன்னேன். பொய்யிங்க. பாவாயக்கா தறிக்கு ஓடிவந்துச்சு. என்ற காதுக்குப் பக்கத்துல வாய வெச்சு, "புள்ள சத்தமில்லாமக் கெடக்குது, சாவியக் குடு அங்கமுத்து"ன்னு கத்துச்சு. டீச்சர் அனுப்புனாளான்னு கேட்டேன். ஆமாங்குது. மத்தியானம் வர்றேன்னு போயிச் சொல்லுன்னுட்டேன். சாவி எம்பட சட்டையிலதான் இருந்துச்சு, சட்டை ஆணியில தொங்கிட்டிருந்துச்சு, கையெட்டற தூரந்தான். குடுத்தா அந்தம்மா ஜெயிச்ச மாதிரி ஆயிருமேன்னு இருந்துட்டேன். நெசமா அதுதானுங்க நெனச்சேன். பாவாயக்கா சித்த நேரம் நின்னு பாத்துட்டுத் திரும்பி ஓடுச்சு. நான் அறுந்த இழையை முடிஞ்சு தறியை ஓட்டுனேன்.

டீச்சரம்மாவுக்கு அது தெரியும். அத்தனை பேரு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ற கதை அங்கயே முடிஞ்சிருக்கும். சொல்லலை. நான் சொல்லட்டும்னு உட்டுட்டாங்க. நான் மறுக்காவும் இல்லைன்னேன். வையறவங்களைக்கூடத் தாங்கிக்கலாமுங்க. இதைத் தாங்க முடியறதில்லை.

மேடம் என்னையச் சித்த வெளிய இருக்கச் சொன்னாங்க. எந்திரிச்சு, "அப்பா போயிட்டு வர்றேன் கண்ணு"ன்னேன், பழக்கத்துல. கனி அதுக்குள்ள பூங்கொடி மடிக்குப் போயிருந்துச்சு, அங்கிருந்து எறங்குச்சு. எறங்கித் தரையில உக்காந்து, வலது காலை என்ற பக்கம் நீட்டுச்சு.

நீட்டிட்டு அப்படியே உக்காந்திருக்குதுங்க. அழுகலை. கட்டறதுக்காவக் காத்துட்டிருக்குது.

மேடம் கண்ணாடியக் கழட்டி மேசையில வெச்சாங்க. பூங்கொடி எந்திரிச்சு வந்து, அந்தக் காலைச் சீலைத் தலைப்புல மூடிப் புள்ளையத் தூக்கிக்கிட்டா. பையன் செத்தப்பக்கூட அழுகாதவ, அன்னைக்குத்தான் அழுதா. நான் எப்படி வெளிய வந்தேன்னு தெரீலீங்க. வராண்டாவுல தண்ணிக் குழாயைப் புடிச்சுட்டு நின்னுட்டிருந்தேன்.

புள்ள அம்மாகிட்ட இருக்கட்டும்னு எழுதிட்டாங்க. எடப்பாடியில தூளிக்கு ஒரு மையம் இருக்குது, பூங்கொடி அரை நாள் வேலைக்குப் போறா, அப்ப புள்ளைய அங்க உட்டுட்டுப் போறா. நான் ஞாயித்துக்கெழமை ஒரு மணி நேரம், அந்த மையத்துலயே. ஆறு மாசங் கழிச்சு மறுக்கா கூப்பிட்டு விசாரிப்பாங்களாம். அதுக்கு நடுவுல செவ்வாக்கெழமை சாயங்காலம் டீச்சரம்மா அப்பனுங்களுக்குன்னு ஒரு கூட்டம் போடுது. நாங்க ஏழெட்டுப் பேரு, அவனவன் செஞ்சதை அவனவன் வாயால சொல்லோணுமாம். நான் கதவோரத்துல உக்காந்துட்டு டீயைக் குடிச்சுட்டு வந்துருவேன். சாவி விசயத்தை அங்க சொல்லலீங்க. பூங்கொடிகிட்டயும் சொல்லலை. முன்னப் பின்ன தெரியாத உங்ககிட்டத்தான் இப்பச் சொல்றேன். நீங்க எறங்கிப் போயிருவீங்க.

ஆனாலும் அடுத்தவன் வூட்டுப் பூட்டை உடைக்கறது தப்புத்தானுங்களே?

செரி, உடுங்க. வேற ஒண்ணு சொல்றேன். ரெண்டரை வயசாகியும் கனிக்குப் பேச்சு வரலீங்க. நாளெல்லாம் ஒத்தையில கெடந்த புள்ள யாருகிட்டப் பேசும்னு டீச்சரம்மா சொன்னாங்க. இப்ப அந்த மையத்துல பத்துப் புள்ளைங்களோட இருந்து வாய் தொறந்துருச்சு. தண்ணிங்குது, காக்காங்குது, பூங்கொடியை அம்மாங்குது. போன வாரம் நான் போயி வாசல்ல செருப்பைக் கழட்டறேன், உள்ள இருந்து ஓடிவந்துச்சு. வந்து, என்னைய நிமுந்து பாத்து, காவலுக்கு உக்கார்ற பொண்ணுகிட்டத் திரும்பி, "மாமா வந்திருக்காங்க"ன்னுச்சு.

அங்க வர்ற ஆம்பளைங்களை எல்லாம் அப்படித்தான் கூப்பிடச் சொல்லிக் குடுத்திருக்கறாங்க. கரண்டுக்காரர் மாமா, பால்காரர் மாமா.

மாமா இல்ல கண்ணு, அப்பான்னு சொல்லலாம்னு வாயெடுத்தனுங்க. பூங்கொடி அங்க நின்னு பாத்துட்டிருந்தா, சொல்லலை. "ஆமா கண்ணு, மாமாதான் வந்திருக்கறேன்"னேன். புள்ள சிரிச்சுட்டு, உக்காருங்கன்னு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச்சுங்க.